நிறையாத குழி

வாந்தியின் மேல் முதலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அது பெட்டி முழுக்க ஓடும், பலகை இடுக்கில் இறங்கும், மூன்று நாளைக்கு நாறும். முதலில் தூள். தேயிலைத் தொழிற்சாலையில் சலித்து ஒதுக்கிய கழிவுத்தூளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிவிட்டு, அடுத்ததைத் தேடிப் போக வேண்டும். பெட்டியின் கோடி வரை போய்த் திரும்புவதற்குள் தூள் ஈரத்தையெல்லாம் குடித்துக் கட்டிப்பட்டுக் கிடக்கும். அதைத் தகரத்தால் வழித்துச் சாக்கில் போட்ட பிறகுதான் வாளி, தண்ணீர், பினாயில்.

மலையுச்சி ஸ்டேஷனில் பத்தொன்பது வருடமாக இதைச் செய்துவந்தவளுக்குச் சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. மற்றபடி ஸ்டேஷன் மாஸ்டரிலிருந்து எதிர்வரிசைக் கடைக்காரர்கள் வரைக்கும் எல்லோருக்கும் அவள் வாளி அக்கா. வாளி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. டாக்டரிடம் போனபோதுகூடக் கொண்டுபோனாள் என்று ரயில் கார்டு சொல்லுவார். அது பொய். அன்றைக்கு அவள் கையில் இருந்தது பை.

காலையில் கீழே புறப்படும் ரயில் தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கு வந்து சேரும். ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போகும். அதற்குள் நான்கு பெட்டிகளையும் அவள் கழுவியாக வேண்டும். நூற்றுப் பதினாறு வளைவு. எங்கெங்கிருந்தோ வந்து, மாதக்கணக்கில் முன்பதிவு செய்து ஏறுகிறவர்கள் முதல் முப்பது வளைவுக்குப் படம் எடுப்பார்கள். அடுத்த முப்பதுக்குப் பேச்சு குறையும். எண்பதுக்குள் பாதிப் பேர் கண்ணை மூடிவிடுவார்கள். தலைசுற்றலுக்கு ஆரஞ்சு நல்லது என்று கீழ் ஸ்டேஷனில் எவனோ ஒரு பழக்காரன் கிளப்பிவிட்டிருந்தான். எல்லோரும் ஆளுக்கு அரை டஜன் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். போன ஆரஞ்சு விதையோடு திரும்பி வரும்.

வாந்திக்கு அவள் முகம் சுளித்ததில்லை. அவள் சுளிப்பது வேறு சிலவற்றுக்கு. குழந்தையின் டயப்பரைச் சுருட்டி சீட்டு இடுக்கில் செருகிவிட்டுப் போகிறவர்கள். மூக்கைச் சிந்தித் திரைச்சீலையில் துடைக்கிறவர்கள். மென்ற பபிள்கம்மை ஜன்னல் கட்டையின் அடியில், சரியாகக் கை வைக்கிற இடமாகப் பார்த்து ஒட்டுகிறவர்கள்.

"வாந்தி எடுத்தவன் பாவம், விட்டுடு," என்பாள் கார்டிடம். "டயப்பரைச் செருகினவன் இருக்கானே, அதே கையால பிஸ்கட்டை எடுத்துத் தின்னுக்கிட்டே 'என்ன அழகு, என்ன அழகு'ன்னு வெளிய பாத்திருப்பான். அதை நெனச்சாதான் எனக்குக் குமட்டுது."

கார்டுக்கு விசில் என்று பெயர். கொடியை மறந்தாலும் விசிலை மறக்காதவர், வீட்டிலும் அதை ஊதித்தான் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவார் என்று கேள்வி. அவர்தான் அந்தக் குழி விஷயத்தை முதலில் கேட்டவர். வழித்த தூளைக் கொட்டுவதற்கு, புதுத் தூள் சாக்குகள் வைத்திருக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டியிருந்தார்கள். அவள் வேலைக்கு வந்த புதிதில் அது வருடத்துக்கு ஒருமுறை நிறையும், மூடிவிட்டுப் பக்கத்தில் புதிதாக வெட்டுவார்கள். இப்போதைய குழி வெட்டி மூன்று வருடமாகியும் பாதிகூட ஏறவில்லை.

"என்ன வாளி, உன் குழிக்கு அடியே கிடையாதா?"

"மலை மழை. எல்லாத்தையும் அரிச்சுக்கிட்டுப் போயிடுது," என்றாள் அவள். அந்த மழையைத் தானே ஏற்பாடு செய்ததுபோல் அதில் ஒரு பெருமையும் இருந்தது.

கணவன் தண்டவாளத்தில் வேலை பார்த்தவன். ஒரு மண்சரிவில் போய்ச் சேர்ந்தான். அந்த வேலைக்குப் பதிலாகத்தான் இந்த வாளியைக் கொடுத்தார்கள். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பயணிகள் பிரிக்காமல் விட்டுப்போன பிஸ்கட் பொட்டலங்களை அவனுக்குக் கொண்டுவருவாள். கொடுப்பதற்கு முன்னால் பொட்டலத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் அவனைத் தொட மாட்டாள். குளித்துவிட்டு வந்தாலும் சில நாள் அவன் மூக்கைத் திருப்பிக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று அவன் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும். அவள் கழுவுகிற பொருளின் பெயரையே வைத்திருந்தார்கள்.

இப்போது அவனுக்கு இருபத்தெட்டு. மூன்று வருடமாக ஸ்டேஷனுக்கு எதிரில் கடை வைத்திருந்தான். ரயில் படம் அச்சடித்த பாக்கெட்டில் மலைத் தேயிலைத்தூள். இறங்கி வருகிறவர்கள் ஆளுக்கு நாலு, ஐந்து என்று அள்ளிக்கொண்டு போவார்கள். தொழிற்சாலையில் இரண்டாம் தரம் எடுத்து வீட்டுப் பின்னறையில் சலித்துப் பாக்கெட் போடுகிறோம் என்பான். சலிப்பது மருமகள். அந்த அறைக்குள் மாமியார் அதிகம் போவதில்லை. தொழில் நடக்கிற இடத்தில் தன் கால் எதற்கு என்று நினைத்தாள்.

வீட்டுக்கு மட்டும் அவன் தன் பாக்கெட்டைப் பிரிக்க மாட்டான். டவுன் கடையிலிருந்து மூடி சீல் வைத்த டப்பா வரும். "விக்கிறதையே நாமளும் குடிச்சா எப்படிம்மா, உனக்கு நல்லதா இருக்கட்டும்" என்பான். அதை அவள் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். அவன் டீயே தொடுவதில்லை. கேஸ் ட்ரபிள்.

ஒருநாள் பின்னறை வாசலில் சல்லடை இருந்தது. மேலே தங்கிய குப்பையில் நாலைந்து ஆரஞ்சு விதை. மருமகளுக்குப் புளிப்பு தின்ன ஆசை வந்திருக்கிறது, சொல்லக் கூச்சப்பட்டு ஒளித்துத் தின்கிறாள் என்று அவள் முடிவு கட்டினாள். நாள்கூட எண்ணிப் பார்த்துக்கொண்டாள். மறுநாளே ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிவந்து கையில் கொடுத்து, "எத்தனை நாளா?" என்று கேட்டாள். மருமகள் பழத்தையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல அத்தை," என்றாள். பழம் கூடையிலேயே கிடந்து அழுகிப்போயிற்று.

போன மாதம், ரயிலுக்குள்ளேயே தேயிலைத்தூள் விற்க ஒருவருக்கு அனுமதி தருவதென்று மேலிடத்தில் தீர்மானமானது. நான்கு பெட்டியிலும் இருக்கைக்கு இருக்கை கொண்டுபோய் விற்கலாம். மகன் மனு போட்டான். இன்னும் இரண்டு பேர் போட்டிருந்தார்கள். யாருக்கு என்று எழுதி அனுப்ப வேண்டியவர் ஸ்டேஷன் மாஸ்டர்.

"வாளி அக்கா வீட்டுச் சரக்குன்னா நான் பிரிச்சுக்கூடப் பாக்க வேண்டாம்," என்றார் அவர் மகனிடம். "ஆனா அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். சுத்தமான பொருள்தான்னு அவங்க சொன்னா, அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

அன்று சாயங்காலம் மகன் எப்படியோ பிடித்த மூன்று டிக்கெட்டோடு வந்தான்.

"பத்தொன்பது வருஷமா இந்த ரயிலைக் கழுவுறியே, ஒரு தடவையாவது ஏறியிருக்கியாம்மா?"

"ஏறாமயா கழுவுறேன்?"

"ஓடும்போதும்மா."

ஓடும்போது அவள் ஏறியதில்லை. கீழே போக வேண்டுமானால் பஸ். அது சீக்கிரம் போகும்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். விடியற்காலை பஸ்ஸில் மூவரும் இறங்கிப்போய், கீழ் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டார்கள். உட்காருவதற்கு முன் அவள் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தாள். ஜன்னல் கட்டையின் கீழே விரலை ஓட்டினாள். முந்தின நாள் அவளே சுரண்டிய இடம், சுத்தமாக இருந்தது.

"அம்மா, வெளிய பாரும்மா."

"வெளிய நான் கழுவலையே."

எதிரில் ஒரு கணவன் மனைவி. வயதானவர்கள், இரண்டு பேரும் ஒரே நிறத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் கூடை நிறைய ஆரஞ்சு வைத்திருந்தாள். ஒன்றை உரித்து, நாரெல்லாம் எடுத்து, வாளி அக்காவிடம் நீட்டினாள். யாராவது உரித்துக் கொடுத்துப் பழம் தின்று எத்தனை வருடமாயிற்று என்று நினைத்துக்கொண்டே அவள் வாங்கித் தின்றாள். விதைகளைத் துப்பிக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

முதல் சரிவு வந்தது. சீப்பால் வாரியதுபோலத் தேயிலை வரிசைகள், நடுவில் வளைந்து போகிற பாதை, பின்னால் பனி. பெட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து இந்தப் பக்கம் வந்தார்கள். அவள் தோளுக்கு மேல் ஆறேழு கைகள் செல்போனை நீட்டின. அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு நாளும் இது இங்கேயே இருந்திருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஐம்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் அந்தப் பெரியவர் பிளாஸ்க்கைத் திறந்தார்.

"போன வருஷம் மேல வாங்கின தூள்," என்றார். "ரயில் படம் போட்ட பாக்கெட். எட்டு பாக்கெட் வாங்கிட்டுப் போனோம். கடைசிப் பாக்கெட்டை இந்தப் பயணத்துக்குன்னே வெச்சிருந்தா இவ. குடிச்சுப் பாருங்க. கலப்படமே கிடையாதுன்னு அந்தக் கடைக்காரத் தம்பி சொன்னாரு."

பெரியவர் வாளி அக்காவின் மகனைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "தம்பி, உங்களை நான் எங்கயோ பாத்திருக்கேனே."

"இல்லீங்க," என்றான் மகன். "நாங்க வெளியூரு."

வாளி அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அதுவரை செல்போனையே நோண்டிக்கொண்டிருந்த மருமகளுக்குத் திடீரென்று இயற்கைக் காட்சியில் ஆர்வம் வந்துவிட்டது.

"எனக்கு டீ வேண்டாங்க, ஆகாது," என்றான் மகன். மருமகளும் தலையை ஆட்டினாள். பெரியவர் தம்ளரை வாளி அக்காவிடம் கொடுத்தார்.

வாயருகே கொண்டுபோவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கழிவுத்தூள் காய்ந்திருக்கும்போது மணக்காது. நனைந்தால் மட்டும் ஈரச் சாக்கும் கருகிய வைக்கோலும் சேர்ந்த ஒரு வாடை எழும். பத்தொன்பது வருடமாக, தினமும் ஒன்றரை மணி நேரம் அவள் மூக்குக்குக் கீழே இருந்த வாடை அது. ஆனாலும் ஒரு வாய் குடித்தாள். குடிக்காமல் எப்படிச் சொல்வது. டீயின் மேல் தேயிலைக் காம்பின் சிவப்பு நார்கள் மிதந்தன. தொழிற்சாலை அந்தச் சிவப்பு நாரோடு தூளை வெளியாட்களுக்குக் கொடுக்காது. ரயிலைக் கழுவ மட்டும், எழுதி வாங்கிக்கொண்டு, வாரத்துக்கு மூன்று சாக்கு. அந்தச் சாக்குகள் கொட்டகைக்குள் இருந்தன. சாவி அவள் இடுப்பில் இருந்தது. அது ஒருநாளும் கழன்றதில்லை.

வாயில் இருந்ததை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். காற்று பாதியை முகத்திலேயே திருப்பி அடித்தது.

"சூடா இருக்குதா?" என்றாள் எதிரில் இருந்த அம்மாள்.

"ஆமாங்க."

அடுத்த முப்பது வளைவுகளும் அவள் வெளியே பார்த்தபடி வந்தாள், எதையும் பார்க்கவில்லை. சாவி இங்கே இருக்கும்போது தூள் அங்கே எப்படிப் போயிற்று என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டிலோ எண்பத்து மூன்றிலோ அந்த அம்மாள் வாயைப் பொத்தினாள். கூடையை நகர்த்துவதற்குள் எல்லாம் கீழே வந்துவிட்டது. வாளி அக்கா எழுந்துவிட்டாள். கை தானாகப் பக்கத்தில் தூளைத் தேடியது.

"உக்காரும்மா," என்று பல்லைக் கடித்தான் மகன். "இன்னிக்கு நீ பாசஞ்சர்."

"வாந்திக்கு அது தெரியாதே."

செய்தித்தாளை விரித்து வழித்தாள். அந்த அம்மாள் "ஐயோ, நீங்க போய்" என்று கையைப் பிடிக்க வந்தாள். காகிதத்தில் டீயின் பழுப்பும் ஆரஞ்சுச் சக்கையும், நடுவே விதைகள். ஒன்று, இரண்டு, நான்கு. வழித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. சல்லடை நினைவுக்கு வந்தது. பிறகு அவள் வாங்கிக்கொடுத்த ஒரு கிலோ பழம். பிறகு நிறையாத குழி.

அன்றைக்குத்தான் அவளுக்கு வாந்தியைப் பார்த்துக் குமட்டியது.

மேலே ரயில் நின்றபோது ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். "என்ன அக்கா, ராணி மாதிரி இறங்குறீங்க? வாளி எங்கே? அஞ்சு மணி வரைக்கும் ரூம்லதான் இருப்பேன். வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டுப் போங்க. இன்னிக்கே எழுதி அனுப்பிடலாம்."

மகன் அவளுக்குப் பதிலாகச் சிரித்தான். "வருவாங்க சார்."

அவள் நேராகக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். குழிக்குள் டயப்பர், வாழைப்பழத் தோல், ஓர் ஒற்றைச் செருப்பு. முந்தின நாள் அவள் கொட்டிய அரைச் சாக்குத் தூளில் ஒரு பிடிகூட இல்லை. ஐந்து நாளாக மழையும் இல்லை. பக்கச் சுவரில் மண்வெட்டி வெட்டிய தடம் நேர்கோடாக இருந்தது, பாத்திரத்தை வழித்தெடுத்ததுபோல.

வீட்டுக்கு வந்து அவள் பின்னறைக்குள் போனாள். ஜன்னலோரம் தார்ப்பாய் விரித்துத் தூள் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய வாணலி. சல்லடையில் நேற்றைய குப்பையை இன்னும் கொட்டவில்லை. விதைகளோடு ஒரு பாதி மாத்திரையும், குழந்தை விழுங்கியிருக்கக்கூடிய ஒரு சின்னப் பொத்தானும் இருந்தன.

சல்லடையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். ரயில் படம் போட்ட பாக்கெட் ஒன்றைப் பல்லால் கிழித்துத் தூளைக் கொட்டி, பாலும் சர்க்கரையும் குறையில்லாமல் போட்டு, வடிகட்டி, மகனுக்கு முன்னால் தம்ளரை வைத்தாள்.

"குடி."

"எனக்கு ஆகாதும்மா. கேஸ்."

"எந்த வருஷத்திலேர்ந்து?"

அவன் சல்லடையைப் பார்த்தான். மருமகள் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"அப்படியே போடறதில்லம்மா," என்றான். "நல்லா வெயில்ல காயவெச்சு, சலிச்சு, வாணலியில வறுத்துத்தான் போடறோம். வறுத்தா ஒரு கிருமி நிக்காது."

"நல்ல தூளும் கலக்கறோம் அத்தை," என்றாள் மருமகள். "பாதிக்குப் பாதி."

"மீதிப் பாதியை எந்த வயித்திலேர்ந்து எடுத்தீங்க?"

டீயின் மேல் ஆடை படியத் தொடங்கியது.

"நான் முதல்லயே கேட்டேன்," என்றான் அவன். "கடை வெச்ச புதுசுல. கொட்டகையில இருக்கிற புதுச் சாக்குல ஒண்ணு குடும்மா, யாருக்கும் தெரியாதுன்னு. நீ சாவி குடுக்கல. ரயில் சொத்துன்னே. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதையும் அவள் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"அதுக்குக் குழியில இறங்கினியா?"

"விடியறதுக்குள்ள இறங்கி ஏறினேன். நீ மட்டும் அதுல கை வெக்கலையா? வாங்குறது யாரும்மா? வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போறவங்க. டயப்பரைச் செருகுறான், மூக்கைத் துடைக்கிறான், பன்னி மாதிரி அசிங்கம் பண்ணிட்டுப் போறான்னு நீதானே தினம் திட்டுவே? சோறு போடும்போதுகூட அதையேதானே பேசுவே? அவங்க வாயிலேர்ந்து வந்தது. அவங்க வாய்க்கே போகுது."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. கணக்குச் சரியாக வந்த மாணவன் மாதிரிச் சொன்னான். அவன் முகத்தை அவள் பார்த்தாள். சின்ன வயதில் சோப்புப் போட்டுக் கழுவிய பொட்டலத்தைப் பிரித்து, முதல் பிஸ்கட்டை அவளுக்கு நீட்டிய முகம் அது. தான் சோற்றோடு என்னென்ன பரிமாறினோம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. 

"அந்த அம்மா எனக்குப் பழம் உரிச்சுக் குடுத்தாங்கடா. நாரெல்லாம் எடுத்து," என்றாள்.

"அதனால?"

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும், இரண்டு தடவை. மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் நாலே கால்.

"அத்தை, அவர் நாளைக்கே எல்லாத்தையும் நிறுத்திடுவாரு," என்றாள் மருமகள். "ரயில்ல விக்க அனுமதி கிடைச்சுட்டா நல்ல தூள் மட்டும் போட்டாலே போதும். அவரும் அதான் சொன்னாரு. இந்த ஒரு தடவை மட்டும் நீங்க..."

வாளி அக்கா துண்டில் கையைத் துடைத்தாள். டீத் தம்ளரை எடுத்து மகன் பக்கம் இன்னும் ஒரு சாண் நகர்த்தினாள். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்டது. அவன் விலகிய அந்தத் தூரமே போதும் என்பதுபோல அவள் தலையசைத்தாள்.

பிறகு சல்லடையை இரண்டு கையாலும் தூக்கினாள். விதைகள் ஒரு பக்கமாக உருண்டன. சமமாகப் பிடித்தாள், விளிம்பு வரை நிரம்பிய வாளியைப் பிடிப்பதுபோல.

"எங்கம்மா போறே?" மகன் எழுந்தான். "அம்மா. அவர்கிட்ட என்ன சொல்லப் போறே? நான் உன் பையன். என்ன சொல்லப் போறேன்னு சொல்லிட்டுப் போ."

சல்லடை ஆடாமல் பார்த்துக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து, அவள் வெளியே போனாள்.